கல்யாணம் எப்போ?

எம்.ஏ. தமிழ் முடித்த வருஷம் ஒரு தனியார் கல்லூரிக்கு இன்டர்வியூ போனேன். தொல்காப்பியத்துல ரெண்டு கேள்வி. சரியாத்தான் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்றார். சொன்னேன். அடுத்து, "கல்யாணம் எப்போ?" என்றார். வேலை கிடைக்கவில்லை. எந்தக் கேள்வியில் தோற்றேன் என்று இன்றைக்கும் தெரியாது.

டெல்லியில் இந்த ரெண்டாவது கேள்விக்கு எழுத்திலேயே பதில் வாங்கி வைத்திருந்தார்கள் என்று அப்புறம்தான் படித்தேன். குடகில் பிறந்து சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்தால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். 1961இல் அதை விதியாகவே ஆக்கினார்கள். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கணும். குடும்பப் பாரம் வேலையைக் கெடுக்கும் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். கல்யாணமான பெண்ணுக்கு அந்தப் பணியில் சேர உரிமையே கிடையாது. ஆம்பளைக்குக் குடும்பம் பாரமில்லை போல.

அதே 1949இல் அதே பணியில் சேர்ந்தவர் கே.ஆர். நாராயணன். உழவூர்க் குடிசையில் பிறந்த நம்ம ஆள். அந்தப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரைக் கட்டக்கூடாது. அவர் பர்மாவில் ஒரு பெண்ணை விரும்பினார். நேரு தனி அனுமதி கொடுத்தார், 1951இல் கல்யாணம் நடந்தது. நல்லது. சாதி அவரைப் படுத்திய பாட்டுக்கு இதுவாவது கிடைத்ததே. இந்தக் கதையை நான் எத்தனையோ கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கூடச் சேர்ந்த பெண் என்ன எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தாள் என்று ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை. நமக்கே அது தனிக்கதையாகத் தெரிந்திருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

முத்தம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஹங்கேரிக்குத் தூதராகப் போன பிறகும் மேல்பதவி தர மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவசர அவசரமாகப் பதவி உயர்வு வந்தது. ஒரு விதியை எடுத்துவிட்டோம், இன்னொன்றையும் எடுக்கப் போகிறோம் என்றது அரசு. 1979 செப்டம்பரில் கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். குடும்பம் பெண்ணின் வேலையைக் கெடுக்குமென்றால் ஆணின் வேலையையும் கெடுக்கலாமே என்று கேட்டார். ஒவ்வொருத்தரும் வழக்குப் போடும்வரை காத்திராமல் எல்லாப் பணி விதிகளையும் திருத்துங்கள் என்றார். ஆனால் எல்லா வேலையிலும் ஆணும் பெண்ணும் சமமென்று சொல்லவில்லை என்று ஒரு வாக்கியமும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் மனு தள்ளுபடி. பெண் ஒருத்தி வெளியுறவுச் செயலர் நாற்காலியில் உட்கார 2001 ஆயிற்று.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வரப்பில் என்னைக் கிடத்திவிட்டு, அதே வயலில் ஆம்பளைக்கு ஒரு கூலி தனக்கு ஒரு கூலி என்று நாற்று நட்டவள்.

"தள்ளுபடின்னா தோத்ததுதானே?"

"விதிய எடுத்துட்டாங்கம்மா."

"வேலயும் ஒசந்துச்சு, விதியும் போச்சு. பெறகு அவ தோத்தான்னு எதுக்கு எழுதுனாங்க?"

நீதிமன்றத்தின் காரணத்தை விளக்கினேன். அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "கையெழுத்து வாங்குனவன் யாருன்னு அதுல எழுதலயா?" என்றாள்.