பூஜ்யத்தைச் சுற்றி

கவிதையின் மையத்தில் மௌனம் இருக்கிறது என்று எழுதுவது நம்மிடையே மிகவும் சுலபமாகிவிட்டது. சொல்ல முடியாத ஒன்று இருப்பதாக அறிவித்துவிட்டு விமர்சகன் பேனாவை மூடிக்கொள்கிறான். வாசகனும் தலையாட்டிவிடுகிறான். இந்தத் தலையாட்டலின் மீது எனக்குள்ள அதிருப்தி வெகுநாளையது. அதற்கு ஒரு உருவம் கிடைத்தது எதிர்பாராத இடத்தில்: கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சில மாலைகளில் காகிதத்தில் போட்டுக் காட்டிய மானோட்ரமி என்ற விஷயத்தில். நான் படித்தது ஆங்கில இலக்கியம். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி கிடையாது.

வர்க்கமூலத்தில் ஆரம்பிக்கலாம். ஒன்று என்ற எண்ணுக்கு வர்க்கமூலங்கள் இரண்டு: ஒன்று, மைனஸ் ஒன்று. பூஜ்யத்தில் மட்டும் இரண்டும் ஒன்றிப்போகின்றன. கலப்பெண்களின் தளத்தில் ஒன்றிலிருந்து புறப்பட்டு, பூஜ்யத்தை மிதிக்காமல் அதை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வருகிறோம். வழிநெடுக வர்க்கமூலத்தையும் கூடவே பிடித்துக்கொண்டு வரவேண்டும், எங்கும் தாவக்கூடாது. வந்து பார்த்தால் கையில் இருப்பது மைனஸ் ஒன்று. இடம் அதே இடம், எண் மாறிவிட்டது. இன்னொரு சுற்று வந்தால் பழையபடி ஒன்று. வர்க்கமூலத்துக்குப் பதிலாக மடக்கையை எடுத்துக்கொண்டு சுற்றினால் கதை வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு கூடிக்கொண்டே போகிறது. எத்தனை சுற்று வந்தாலும் பழைய மதிப்பு கிடைப்பதில்லை. கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒற்றை ஓட்டம் என்று பொருளாம். பெயரில்தான் ஒற்றை.

என்னை நிறுத்தியது இதுதான். பூஜ்யத்தில் என்ன நடக்கிறதென்று யாரும் அங்கே போய் நிற்கவில்லை. சுற்றி வந்தவனிடம் என்ன மாறியிருக்கிறது என்பதே அந்தப் புள்ளியைப் பற்றிய செய்தி.

வடிவங்களுக்கு வந்தால் இன்னும் ஸ்தூலமாகிறது. காற்றடைத்த சைக்கிள் ட்யூப் போன்ற பரப்புகள், ஒன்று மெல்ல அடுத்ததாக மாறிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு இடத்தில் ட்யூபின் குறுக்கு வளையம் ஒரு புள்ளியாக நெரிந்துவிடுகிறது. அந்த இடத்தைத் தொடாமல் சுற்றி வருகிறோம். ட்யூபின் நீளவாக்கில் வரைந்திருந்த கோடு திரும்பி வரும்போது, நெரியவிருந்த அந்த வளையத்தை ஒரு முறை சுற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த தடவை இரண்டு முறை. பிக்கார், லெஃப்ஷெட்ஸ் இருவர் பெயரையும் தாங்கிய விதி இது.

இதை எண்கணிதத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அலெக்ஸாந்தர் க்ரோதெண்டிக். அங்கே புள்ளிகள் என்பவை பகா எண்கள். ஒரு சமன்பாடு சில பகா எண்களிடத்தில் உடைந்துபோகும். ஆனால் ஒரு பகா எண்ணைச் சுற்றி நடக்கப் பாதை ஏது? சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றிப் போடும் கால்வா குலத்தின் ஒரு பகுதி, நடக்காமலே, பாதையின் வேலையைச் செய்கிறது. 1967 முதல் 1969 வரை பாரிஸுக்கு அருகே ப்யூர்-சுர்-இவெத்தில் நடந்த கருத்தரங்கில் அவருடைய தேற்றம் இடம்பெற்றது. எவ்வளவு மோசமாக உடைந்த இடமானாலும், குறிப்பிட்ட சில சுற்றுகளுக்குப் பின் வர்க்கமூலத்தைப் போல் சுழலும் பகுதி அடங்கிவிடும். மிஞ்சுவது மடக்கையைப் போலச் சேர்ந்துகொண்டு போகும் பகுதி மட்டும். நிரூபணம் என்னைப் போன்றவனுக்கும் எட்டக்கூடியது. சுழற்சியின் இயல்பைச் சொல்லும் எண்களின் பட்டியல் முடிவுள்ளது. அவற்றை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தினாலும் அதே பட்டியல்தான் கிடைக்கும். உயர்த்திக்கொண்டே போனால் வந்த எண்ணே மறுபடி வந்தாக வேண்டும். ஏறக்குறைய அவ்வளவுதான்.

பியேர் தெலீன் 1974-ல் வெளியிட்ட பெரிய நிரூபணத்திலும் இந்தச் சுற்று உண்டு. உடையாத, நல்ல வடிவம் ஒன்றை அறிய அதைச் சீவிச் சீவி ஒரு குடும்பமாக்கி, அந்தக் குடும்பத்தில் உடைந்தவற்றைச் சுற்ற வேண்டியிருந்தது. ராமானுஜன் 1916-ல் விட்டுச்சென்ற ஊகம் ஒன்று அதனால் தீர்ந்தது. எல்லாவற்றையும் கும்பகோணத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. உண்மையாக இருப்பதால் சொல்கிறேன்.

1970-ல் க்ரோதெண்டிக் தன் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். அதற்கு ராணுவப் பணம் வருவது ஒரு காரணம். 1983 முதல் 1986 வரை அவர் எழுதிய ‘அறுவடைகளும் விதைப்புகளும்’ பல வருஷம் தட்டச்சுப் பிரதிகளாகவே கைமாறி, 2022-ல் பாரிஸில் நூலாக வந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். மொழிபெயர்ப்பில் சில பகுதிகளைத்தான் படித்தேன். தன் மாணவர்கள் தன்னை உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்ற ஒரே இடத்துக்கு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். குறிப்பு, குறிப்புக்குக் குறிப்பு, அதற்கும் ஒன்று. புலம்பல் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். குற்றச்சாட்டு ஒவ்வொரு வருகையிலும் அதேதான். சொல்கிறவர் அதே ஆளாக இல்லை. பிறர் மீது கோபமாகத் தொடங்குவது போகப்போகத் தன் கர்வத்தின் மீதே விசாரணையாகிறது. புதைத்தது உண்மையா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த மாற்றத்தைச் சொல்ல முடியும்.

நம் விமர்சனத்தில் இல்லாதது இதுதான். ஒரு கவிதையைச் சுற்றி வந்தபின் எந்தச் சொல் அர்த்தம் மாறி நின்றது, எது மறுவாசிப்பில் பழையபடி ஆனது, எது வாசிப்புக்கு வாசிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். குமாஸ்தா புத்தி என்பார்கள். இருக்கட்டும்.

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வங்கிக்கு வருவார்கள். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மாள் நேரில்தான் வருகிறார். அதே படிவம், அதே நாற்காலி. கணவரைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கையெழுத்தைப் பழைய மாதிரியோடு ஒப்பிடுவது மட்டும்தான் என் வேலை. முதலில் கடைசி எழுத்து குழைந்தது. பிறகு நடு எழுத்துகள் ஒரே கோடாயின. கைநாட்டு வைக்கலாம் அம்மா என்றால், ‘எழுதப் படிக்கத் தெரியும் தம்பி’ என்கிறார். சென்ற நவம்பரில் பெயர் முழுவதும் நடுக்கமாகிவிட்டது. முன்னால் இருக்கும் இனிஷியல், கணவர் பெயரின் முதலெழுத்து, மாதிரியில் இருந்த அதே உருவத்தில் நின்றது. ஒத்திருக்கிறது என்று எழுதி அதிகாரியின் மேஜைக்கு அனுப்பினேன்.