தீட்டு எங்கே?

கல்வராயன் மலைப் பள்ளியொன்றிலே பாடம் நடத்துகிறோம். நன்கு படிக்கும் பெண்ணொருத்தி மாதந்தோறும் மூன்று நாள் வருவதில்லை. காரணம் கேட்டோம், தலை கவிழ்ந்தாள். "தீட்டு, சார்" என்றாள் பக்கத்திலிருந்த சிறுமி. மேடையிலே முழங்கும் நமக்கு அன்று நா எழவில்லை! பதிவேட்டிலே 'வரவில்லை' என்று குறித்ததோடு சரி. மலையை மட்டும் குறை கூறோம். கள்ளக்குறிச்சியின் மாடி வீடுகளிலும் இதே மடமை குடியிருக்கக் காண்கிறோம்.

அந்த வாரந்தான் ஆவுடையக்காளின் பாடல்களைப் படித்தோம். செங்கோட்டைப் பார்ப்பனக் குடும்பத்திலே பிறந்து, சிறு வயதிலேயே கைம்பெண்ணாக்கப்பட்டவர், அத்வைதம் பாடியவர். பெண்கள் வாய்வழியே காத்துவந்த அப்பாடல்களை 2002-இல் தொகுத்து வெளியிட்டது, நம் திருக்கோயிலூரை அடுத்த தபோவனத்து ஞானானந்த நிகேதன். முக்தி பேசும் பாட்டு, மடம் பதிப்பித்த ஏடு, பகுத்தறிவாளனுக்கு இதிலென்ன வேலை என்று அலட்சியமாகப் புரட்டினோம். புரட்டியவர் திகைத்தோம்! தீட்டென்று ஒதுக்குகிறீரே, அந்தத் தீட்டிலே திரண்டதன்றோ உடல்? தூய உடல் எங்கே உளது? அவர் கேள்வியின் சாரம் இது. எந்த வைதிகர் விடையளிப்பார்?

பாரசீகத்திலும் இத்தகைய துணிவைக் காண்கிறோம். கஸ்வீன் நகரத்துக் கவிஞர் தாஹிரா, பாபி சமயப் பரவசத்திலே பாடியவர். 1848-இல் பதஷ்த் கூட்டத்திலே, ஆடவர் நடுவே முகத்திரையின்றி நின்றார். அவை அதிர்ந்தது. 1852-இல் தெஹ்ரானிலே அவரைக் கொன்றனர்.

இருவரும் கடவுளைத் தேடியவர்கள், நாமோ மறுப்பவர்கள். எனினும், தேடிய வழியிலே விலங்கைக் கண்டனர். கண்டதை அஞ்சாது காட்டினர். அதற்காக அவர்களை வணங்க வேண்டியதில்லை, வாசிக்க வேண்டும்.

பாட்டு மட்டும் போதுமா? ஆன்மாவுக்குப் பேதமில்லை என்று பாடியதால் பெண்ணுக்கு ஒரு காணி நிலமும் கிட்டவில்லை. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989-இல் தமிழகச் சட்டம் அதனை வழங்கிற்று. இடையே 60 ஆண்டு உழைப்பு! கேள்வி கேட்டது பாட்டு. அதற்குச் சட்டத்தால் விடை எழுதியது இயக்கம்.

மறுவாரம் வகுப்பிலே, மாதவிடாய் உடலின் இயல்பென்று விளக்கினோம். அக்காளின் கேள்வியையும் சொன்னோம். குனிந்திருந்த தலைகள் சில நிமிர்ந்தன. அடுத்த மாதம் அப்பெண் வராதிருந்தது இரண்டே நாள். ஒரு நாளை மீட்டோம். இரண்டு நாள் பாக்கி.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டிலே எத்தனை நாள் பாக்கி?