ஏலக்காய் ஊரில் ஒரு பாட்டுப் பெட்டி

போடிநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்குவது இப்போது ஒரு தனிச் சந்தோஷம். 2010-ஆம் ஆண்டின் கடைசியோடு மீட்டர்கேஜ் வண்டி நின்று போயிற்று. அகலப் பாதை போட்டுச் சென்னை ரயில் ஓடத் தொடங்க 2023 ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரவு சென்னையில் ஏறிப் படுத்தால், காலையில் எதிரே மலை நிற்கிறது. கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் ஏலக்காய் மணம் வந்து, "வாருங்கள்!" என்கிறது.

நான் போனது சித்தியைப் பார்க்க. முப்பது வருஷம் ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரித்த கை அவளுடையது. சித்தப்பா போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அவர் இருந்தவரையில் விடிந்ததும் கோடைக்கானல் பண்பலையைத் திருப்பிவிடுவார். அந்த 100.5-ல் பாட்டுக் கேட்ட பிறகுதான் வீட்டில் காப்பியே இறங்கும்.

கூடத்தில் இரண்டு பெட்டிகளின் மேல் பூத்துணி விரித்து, ஒன்றில் விளக்கும் மற்றொன்றில் ஜாடியும் வைத்திருந்தாள்.

"என்ன சித்தி இது?"

"பெரியவன் போன வருஷம் வாங்கிக் குடுத்த ஸ்பீக்கர், தம்பி. அது தானாப் பாடாதாமுல்ல! ஆம்ப்ளிஃபயர் வேணுமாம். சீட்டு எடுத்த பணம் எட்டாயிரம் வச்சிருக்கேன். கடையில ரெண்டாயிரம் வாட்டுனு ஒண்ணு காட்டுறான். கலர் கலரா லைட்டு எரியுது. வாங்கிரவா?"

வாங்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஏலக்காயே கை கொடுத்தது.

"ஏலக்காய்க்கு விலை போடும்போது பெரிய காயா என்று மட்டுமா பார்ப்பீர்கள்?"

"அதெப்படி? காய் பெருசா இருக்கும், உள்ளே பொக்கா இருக்கும். லிட்டர் வெயிட்டுப் பார்க்கணுமுல்ல!"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அக்மார்க் தரத்தில் முதல் ரகப் பச்சை ஏலக்காய்க்கு 7 மில்லிமீட்டர் பருமன் மட்டும் போதாது. ஒரு லிட்டர் படியில் அளந்தால் 435 கிராம் நிற்க வேண்டும். வாட்டு விஷயமும் இதேதான். பெட்டியின் மேல் 'பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்திருக்கும் ஆயிரக் கணக்கெல்லாம் பொக்குக் காய். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதே விடாமல் தரக்கூடிய சக்தி. அதுதான் லிட்டர் வெயிட்டு.

துணியை எடுத்து ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்தோம். 8 ஓம், 87 டெசிபல் என்று எழுதியிருந்தது. அதாவது ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் கேட்கும். நாம் பேசுவது சுமார் 60 டெசிபல். ஆகவே ஒரு வாட்டிலேயே கூடம் நிறைந்துவிடும்! தவில் அடி போல் திடீரென்று எழும்பும் சத்தத்துக்காகத்தான் கையிருப்பு வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்றே டெசிபல். முப்பதுக்கும் அறுபதுக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். பர்ஸுக்குத் தெரிவதோ நிறைய.

"அப்ப அஞ்சு வாட்டே போதுமே?" என்றாள் சித்தி.

அதற்குப் பதில் மறுநாள் போடிமெட்டில் கிடைத்தது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ் மேலே ஏறியது. வளைவுக்கு வளைவு காற்றில் குளிர் ஏறிற்று; கீழே போடி ஒரு கோலம் போலச் சுருங்கிற்று. எல்லைக்கு அப்பால், மர நிழலில் ஏலச் செடிகள் பனியில் நனைந்து நின்றன.

தேநீர்க் கடையில் ஓர் இளையராஜா பாட்டு. இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்தவரின் பாட்டு இந்த மலையில் ஒலிப்பது பொருத்தம்தானே? ஆனால் குழல் வாசிப்பு கரகரவென்று தொண்டை கட்டிக் கேட்டது.

"சின்ன ஆம்ப்புங்க. முழுசாத் திருகி வச்சிருக்கேன். மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் புகைஞ்சு போச்சு" என்றார் கடைக்காரர்.

சங்கதி இதுதான்: சக்திக்கு மேல் திருகினால் ஆம்ப்ளிஃபயர் ஒலி அலையின் தலையை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுப்பட்ட ஒலி மேல் ஸ்தாயி பாடும் சின்ன ஸ்பீக்கரைச் சூடாக்கிப் பொசுக்கிவிடும். ஆகவே மிகச் சின்னதும் ஆபத்து. ஓமும் முக்கியம். 8 ஓமுக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அது அதிக மின்சாரம் இழுத்துக் கொதிக்கும்.

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "பொக்கும் வேணாம், பிஞ்சும் வேணாம். நடு ரகமா ஒண்ணு பாரு" என்றாள்.

மதுரையில் பார்த்தோம். ஸ்பீக்கர் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தோம். அதை மாட்டிப் பாடவிட்டுக் கேட்டோம். 8 ஓமில் பக்கத்துக்கு 30 வாட் ஆர்.எம்.எஸ்., மினுக்கு விளக்கு ஒன்றும் கிடையாது. 6,500 ரூபாய். மிச்சத்தில் நல்ல செம்புக் கம்பி வாங்கினோம். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வரும்படி பெட்டிகளை வைத்தோம். சித்தப்பாவின் பழைய ரேடியோவில் காதில் மாட்டும் கருவிக்கான துளை இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் போட்டு இணைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பாட்டுச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். அளவான சத்தம். சித்தி அடுப்படியில் நின்றிருந்தாள். ஜாடியும் விளக்கும் ஜன்னலோரம் போயிருந்தன.

"இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா, சித்தி?"

"வேணாம். உங்க சித்தப்பா இம்புட்டுத்தான் வைப்பாரு" என்று சொல்லிக் காப்பியை இறக்கினாள்.