பட்டியும் திரையும்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பப்பாவின் ஆட்டுப்பட்டி வெறுமையாகக் கிடந்தது. பதினொரு செம்மறிகளையும் அப்பா விற்றிருந்தார். அப்பணமே எனது விடுதிச் செலவுக்கு வந்ததென்பதை எவரும் கூறவில்லை, நானே கணக்கிட்டறிந்தேன். “ஊர்ச்செம்மறியில் இறைச்சி குறைவு, வைத்திருந்து என்ன பயன்?” என்றார் அப்பா. அப்பப்பா வாய் திறக்கவில்லை.

அவ்வேளையில் ஜோ ஹென்சன் என் நினைவுக்கு வந்தார். நகைச்சுவை நடிகர் லெஸ்லி ஹென்சனின் மகனாகப் பிறந்தும் மேடையை நாடாது மண்ணை நாடியவர் அவர். இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் குன்றுகளில் குத்தகை நிலத்திற் பயிர் செய்தார். இடைக்காலக் கம்பளி வணிகத்தின் செல்வத்தால் எழுந்த தேவாலயங்கள் அக்குன்றுகளில் இன்றும் நிற்கின்றன. ஆனால் ‘கொட்ஸ்வோல்ட் சிங்கம்’ எனப் புகழ்பெற்ற செம்மறியோ இருபதாம் நூற்றாண்டில் அருகிப்போயிற்று. விரைந்து கொழுக்கும் இனங்களையே போருக்குப் பிந்திய வேளாண்மை வேண்டிநின்றது. 1972 இல் லிங்கன்சயர் சுருள்மயிர்ப் பன்றி அடியோடு அற்றுப்போனது.

இறைச்சியால் தம் தீனிக்குரிய விலையைத் தேடவியலாத விலங்குகளைக் கொண்டு ஹென்சன் வேறொரு வழி கண்டார். 1971 இல் தமது பண்ணையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பார்க்க வந்தோரின் கட்டணம் மந்தைக்கு உணவாயிற்று. 1973 இல் தோன்றிய அரிய இனங்கள் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவரும் அவரே. பின்னர் தொலைக்காட்சியும் அவரை அழைத்தது. தந்தையின் மேடையை விட்டு விலகியவரை மேடை பட்டிக்கே தேடிவந்துவிட்டது! அவருடைய மகன் அடம் ஹென்சன் 2001 இல் பிபிசியின் ‘கன்ட்ரிபைல்’ நிகழ்ச்சியில் இணைந்தார். கால்வாய் நோயைத் தடுப்பதற்காகப் பிரித்தானியாவில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்ட ஆண்டு அது. தந்தை ஜோ 2015 இல் காலமானார்.

விலங்கைக் காட்டிப் பிழைப்பதா என முன்னர் நான் ஏளனமாக நினைத்ததுண்டு. இன்று அவ்வாறு நினைக்க முடியவில்லை. எனினும் எங்கள் ஆடுகளுக்குக் காட்சிப்பொருளாகும் தேவை இருந்ததில்லை. கம்பளி தராத, சிறிய உடலுடைய யாழ்ப்பாணச் செம்மறி எங்கள் தோட்டங்களுக்கு எரு தந்தது. இரவில் தட்டிகளால் பட்டி அடைத்து, சில நாட்களுக்கொருமுறை இடம் மாற்றினால் வெங்காயத் தறை முழுவதும் உரமேறும். உரப்பை வந்தபின் அவ்வழக்கம் அருகியது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது, அதுவரை எங்கள் படலையைத் திரும்பியும் பாராதவர்கள் அப்பப்பாவிடம் பட்டி கேட்டு வரிசையாக வந்தனர். அவ்வாண்டு இறுதியில் தடை நீங்கியது, வந்தவர்களும் நின்றுவிட்டனர்.

தட்டிகள் இன்னும் வேலியிற் சாய்ந்து நிற்கின்றன. அவற்றை விறகாக்க அப்பப்பா சம்மதிக்கவில்லை. வாங்கியவரிடம் இரண்டு மறிகள் எஞ்சியுள்ளனவாம். மகாபொலப் பணம் வரும்வரை அவற்றை விற்காதிருக்குமாறு கேட்டுவரத் தம்பியை அனுப்பியுள்ளேன். அப்பாவுக்கு இது தெரியாது.