நாக்கு மரத்த பிறகு

ஃபிஜியின் நாண்டியில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் கையில் ஷேக்கரைக் கொடுக்கவில்லை. ஒரு துணிப்பையைக் கொடுத்தார்கள். உள்ளே மண் நிறத்தில் பொடி. "பிசை" என்றார் மோமோ.

மோமோ என்பது அவர் பெயரல்ல. ஃபிஜி மொழியில் தாய்மாமன். அந்த விடுதியின் பாரில் வேலை பார்க்கும் இளசுகள் எல்லோருக்கும் அவர் மோமோதான். நான் சென்னையில் கேட்டரிங் படித்துவிட்டு இரண்டு ஹோட்டல்களில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பழகியவன். மது கலக்காத காக்டெய்ல்களுக்குத் தனிப் பட்டியல் போடத்தான் என்னை எடுத்திருந்தார்கள். பட்டியலின் நாயகி காவா. ஃபிஜிக்காரர்கள் அதை யங்கோனா என்பார்கள்.

வேரைப் பொடித்துப் பிழிந்து குடிக்கும் காவா நமக்கு அந்நியம் இல்லை. மிளகு, திப்பிலி, வெற்றிலை எல்லாம் சேர்ந்த அதே பைப்பர் குடும்பம்தான். அதற்கு விதை கிடையாது, தண்டை வெட்டி நட்டுத்தான் வளர்க்க வேண்டும். வேர் முற்ற மூன்று நான்கு வருடங்களாவது ஆகும். பக்கவேருக்கு 'வாகா' என்று பெயர், அடிக்கிழங்குக்கு 'லெவேனா'. வாகாவில் வீரியம் அதிகம், விலையும் அதிகம். 2016-ல் வின்ஸ்டன் புயல் தோட்டங்களைச் சாய்த்த பிறகு விலை எப்படி எகிறியது என்பதை, தராசில் பொடி போடும்போதெல்லாம் மோமோ சொல்வார். ஒரு சிட்டிகை சிந்தினாலும் முறைப்பு உண்டு.

பிசைவது அம்மா தேங்காய்ப்பால் எடுக்கிற மாதிரிதான். அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பொடியைத் துணியோடு அமுக்கி, கசக்கி, முறுக்கிப் பிழிய வேண்டும். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும். தேங்காய்க்கு இரண்டாம் பால் இருப்பதுபோல் இதற்கும் இரண்டாம் பிழிதல் உண்டு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒருநாள் வெந்நீரை ஊற்றினேன். வேரிலுள்ள மாவுச்சத்து வெந்து, பை முழுக்கக் கஞ்சி. மோமோ ஒன்றும் சொல்லாமல் அதை எடை போட்டுக் காட்டினார். அது எத்தனை டாலர் கஞ்சி என்று எனக்கே கணக்குத் தெரிந்தது.

உடம்பைத் தளர்த்துகிற சத்துகளுக்குக் காவாலாக்டோன்கள் என்று பெயர். அவை தண்ணீரில் சரியாகக் கரையாது, மிதந்துகொண்டுதான் இருக்கும். கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அடியில் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் கலக்க வேண்டும். கொழுப்போடு அவை நன்றாகச் சேரும் என்பதால், தண்ணீரில் பாதியைக் குறைத்துத் தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசையத் தொடங்கினேன். அதுவரை சரி.

பிறகுதான் என் புத்திசாலித்தனம் ஆரம்பித்தது. காவா மண் வாசனை, கசப்பு, ஓரத்தில் மிளகுக் காரம். இதை மறைப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன். எலுமிச்சை பிழிந்தேன், தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. சோடா ஊற்றினேன், நுரை பொங்கி மேஜையில் வழிந்தது. கடைசியில் பெரிய கண்ணாடி டம்ளரில் அன்னாசிச் சாறும் சிரப்பும் ஊற்றி ஒரு பானம் தேறியது. விருந்தினர் ஒருவர் முதல் மிடறில் புன்னகைத்தார். பாதி டம்ளரில் என்னைக் கூப்பிட்டு, "இது இனிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையே" என்றார். நாக்கு மரத்துப் போயிருந்தது. காவாவின் இயல்பே அதுதான். நான் ஊற்றிய சிரப் எல்லாம் மரத்துப்போன நாக்கில் வீண்.

அன்றிரவு வேலை முடிந்து எல்லோரும் தனோவாவைச் சுற்றி உட்கார்ந்தோம். தனோவா என்பது கால் வைத்த மரக்கிண்ணம். விடுதியின் ஓட்டுநரும் இருந்தார். 1903-லிருந்து மெட்ராஸ் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த தமிழர்களின் வம்சம். என்னிடம் பேசுவது ஃபிஜி இந்தியில்தான், காவா அவருக்கு 'நங்கோனா'. சிரட்டையில் ஊற்றித் தருவார்கள், அதற்குப் பிலோ என்று பெயர். நிறைய வேண்டுமென்றால் 'ஹை டைட்', கொஞ்சம் போதுமென்றால் 'லோ டைட்'. உள்ளங்கையைக் குழித்து ஒருமுறை தட்டி, "புலா" சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று முறை தட்ட வேண்டும். சுற்றியிருப்பவர்கள் "மாதா" என்பார்கள், காலி என்று அர்த்தம். உடனே வாயில் ஒரு மிட்டாய்.

அங்கே ஒருவரும் உறிஞ்சவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாக்கு மரப்பதற்குள் குடித்து முடித்து, மரப்பதற்குள் மிட்டாயும் போட்டுவிடுகிறார்கள். கசப்பை அவர்கள் மறைக்கவே இல்லை, அதற்கு நேரம்தான் கொடுக்கவில்லை.

மறுநாள் பெரிய டம்ளரைத் தூக்கி வைத்தேன். தேங்காய்ப்பாலில் பிசைந்த காவா 60 மில்லி, அன்னாசிச் சாறு 30, இஞ்சி சிரப் 10, கசப்பை அடக்க ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குளிர வைத்து, நாலே மிடறில் முடிகிற சின்னக் கிண்ணத்தில் ஊற்றினேன். நாக்குதான் மரக்கும், மூக்கு மரக்காது. அதனால் எலுமிச்சையின் சாற்றை விட்டுத் தோலை மட்டும் விளிம்பில் தேய்த்தேன். மேலே ஜாதிக்காய் துருவினேன். கடைசி மிடறு வரை வாசனை நின்றது.

அந்தக் கர்வத்தில், மாலையில் இரண்டு பீர் முடித்திருந்த ஒருவருக்கு ஊற்றி நீட்டினேன். மோமோ நடுவில் கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். மது இல்லாத பானம் என்றால் ஒன்றும் செய்யாத பானம் என்று அர்த்தமில்லை. கல்லீரல் பயத்தில் ஜெர்மனி 2002-ல் காவா மருந்துகளுக்குத் தடை போட்டது, 2014-ல் நீதிமன்றம் அதை நீக்கியது. வழக்கு எப்படிப் போனாலும் மதுவோடு சேர்க்கக் கூடாது என்பதில் மோமோவுக்கு மறுபேச்சு இல்லை. அளவில்லாமல் வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். அதற்கு இங்கே 'கனிகனி' என்று பெயர். பெயரில் மட்டும்தான் இனிப்பு. இப்போது ஊற்றும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன்: மது குடித்தீர்களா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, வண்டி ஓட்டப் போகிறீர்களா?

பட்டியல் அச்சுக்குப் போகும் முன் மோமோ என் பானத்தை ருசி பார்த்தார். உறிஞ்சவில்லை, ஒரே மூச்சு. "மாதா" என்றார். மூன்று முறை கை தட்டினார். பிறகு கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. காவா எங்கே?" என்றார்.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் அன்னாசிச் சாறுக்கு எதிரே 30 அடிக்கப்பட்டு 20 என்றிருக்கிறது.