தூகாவில் கல்லறை, லண்டனில் கல்வெட்டு

துனீசியாவுக்குப் போகிறவர்களை என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் கார்த்தேஜ் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எல் ஜெம்மையும் சேர்ப்பார்கள். இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தூகாவுக்குப் போங்கள் என்பேன்.

கார்த்தேஜ், தலைநகர் துனிஸை ஒட்டியே இருக்கிறது. கி.மு. 146இல் ரோமானியர் அந்த நகரத்தை அழித்தார்கள். பிற்பாடு அவர்களே அங்கே புது நகரம் கட்டினார்கள். கடலோரத்துக் குளியல் மண்டபம் உட்பட, இன்று நம் கண்ணில் படுவதில் பெரும்பகுதி அழித்தவர்கள் கட்டியதுதான். எல் ஜெம்மில் ஒரு சின்ன ஊரின் நடுவே, சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம் நிற்கிறது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவும் ரோமானியருடையதே.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ரோம் ஒரு கட்சி, கார்த்தேஜ் ஒரு கட்சி. ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸைத் தாண்டியதை ஒப்பிக்கச் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே அந்த மண்ணில் வாழ்ந்த நுமிடியர்கள் குதிரை வீரர்களாகத் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள். அவர்களுடைய ஊர் தூகா.

பாரிஸில் இருக்கும் மகனோடு நான் அங்கே போனேன். துனிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 110 கிலோமீட்டர். ஒலிவ மரங்கள் சூழ்ந்த குன்று. மேலே ரோமானியர் கோயிலும் நாடக அரங்கும் கம்பீரமாக நிற்கின்றன. எல்லோரும் அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சரிவில் இறங்கினால் 21 மீட்டர் உயரத்தில், உச்சியில் கூம்பு வைத்த ஒரு கல்லறை. ரோமானியர் வருவதற்கு முன்பு, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

அதில் ஒரு கல்வெட்டு இருந்தது. ஒரே செய்தி இரண்டு மொழியில்: ஒன்று கார்த்தேஜின் பியூனிக், மற்றொன்று நுமிடியரின் லிபிய மொழி. பியூனிக் எழுத்தை அறிஞர்கள் படித்துவிட்டார்கள். இரண்டிலும் வருகிற ஆட்பெயர்களை ஒப்பிட்டுத்தான் லிபிய எழுத்துகளின் ஒலியைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் பார்க்கும்போது, பெயரை எழுத்தர் எப்படியோ எழுதியிருப்பார். கீழே தமிழில் போட்ட கையெழுத்தைப் பார்த்துத்தான் ஆள் யார் என்று தெளிவோம்.

அந்தக் கல்வெட்டில் அத்தேபான் என்று ஒரு பெயர் வருகிறது. கல்லறையில் கிடப்பவர் அவர்தான் என்று நெடுநாள் நினைத்தார்கள். கட்டடத்தைக் கட்டியவர்களில் ஒருவர் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. கல்லறைக்கு உரியவரின் பெயர் போய், வேலை செய்தவரின் பெயர் தங்கியிருக்கிறது!

ஆனால் தூகாவில் அந்தப் பெயரைப் பார்க்க முடியாது. 1842இல் துனிஸில் இருந்த பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட், கல்வெட்டைப் பெயர்த்தெடுக்கக் கல்லறையையே சிதைத்துவிட்டார். செயின்ட் ஹெலினாவில் நெப்போலியனைக் காவல் காத்த அதிகாரிகளில் ஒருவர் இவர். கல்வெட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கி 1908 முதல் 1910 வரை கல்லறையை மறுபடி நிறுத்தியவர் லூயி புவன்சோ என்ற பிரெஞ்சுக்காரர்.

லண்டனில் பத்திரமாக இருக்கிறது, ஆராய்ச்சிக்கும் உதவியது என்பார்கள். உண்மைதான். ஆனால் கோப்பு ஓரிடத்திலும் அதன் இணைப்பு வேறிடத்திலும் இருந்தால் கோப்பு முழுமை ஆகாது என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். படித்து முடித்த பிறகாவது இணைப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாமா?

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துனிஸிலிருந்து ‘லுவாஜ்’ எனும் பங்கு வண்டியில் தெபுர்சூக் வரை போய், அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். பிரெஞ்சு தெரிந்தால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் அவசியம். முழங்கால் வலி இருந்தாலும் அந்தச் சரிவில் மெதுவாக இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.