சகோதரிகள் தேவை

உங்கள் சொந்தத்திலோ நட்பிலோ ஒரு பெண் இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் காலேஜ் சேரப் போகிறாளா? அதிலும் அலபாமா, ஜார்ஜியா என்று தெற்குப் பக்கமா? கிளாஸ் ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கும்போதே பெட்டி நிறைய கவுன்களோடு அவள் கிளம்பினால் பதறாதீர்கள். 'ரஷ்' போகிறாள்.

சொராரிட்டி என்று மாணவிகளுக்கான சங்கங்கள் அங்கே உண்டு. ஆல்ஃபா, காப்பா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளில் பெயர். தூண் வைத்த மாளிகை, தனிப் பாட்டு, ரகசியச் சடங்கு, முக்கியமாகச் சந்தா. அது ஆயிரக்கணக்கான டாலர். ஒருமுறை சேர்ந்தால் ஆயுசுக்கும் 'சிஸ்டர்'. இந்தச் சங்கங்களில் பல ஒன்றுகூடி 1902-ல் ஒரு தேசியக் கூட்டமைப்பே அமைத்துக்கொண்டன. ஆள் சேர்ப்பதற்கான விதிமுறைகள் அங்கிருந்துதான் வருகின்றன. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரே சீசனில் 2,500 பேருக்கு மேல் போட்டி போடுகிறார்கள். 2021-ல் இந்தப் பெண்கள் தினமும் என்ன டிரஸ், என்ன கம்மல் என்று டிக்டாக்கில் சொல்லப்போக, உலகமே வேடிக்கை பார்த்தது. (நம் ஊரில் முந்தின வருஷமே டிக்டாக்கைத் தடை செய்துவிட்டதால் நாம் பிழைத்தோம்.)

நடைமுறை இதுதான். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே இருக்கிற பெண்கள் கைதட்டி, தரை அதிரப் பாடி வரவேற்பார்கள். ஒருத்தி வந்து பேசுவாள். சில நிமிஷத்தில் இன்னொருத்தி வந்து நிற்பாள், முதலாமவள் நகர்ந்துவிடுவாள். அப்புறம் மூன்றாமவள். காதல், குடி, மதம், அரசியல், பணம் இந்த ஐந்தையும் பேசக் கூடாது என்பது எழுதாத விதி. மிச்சம் என்ன இருக்கிறது? ஊரில் விட்டுவந்த நாய்க்குட்டியைப் பற்றிப் பேசலாம். ராத்திரி, வீட்டுக்காரிகள் உட்கார்ந்து யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். இவளும் தன் பங்குக்கு வீடுகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். மறுநாள் காலையில் பட்டியல் வரும். எந்தெந்த வீடு மறுபடி கூப்பிட்டிருக்கிறது என்று அதில் இருக்கும். காரணம் இருக்காது.

என்னோடு பி.காம். படித்தவன் டல்லாஸில் இருக்கிறான். போன ஆகஸ்டில் ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

"டேய், பொண்ணு அங்க ரூம்ல உக்காந்து அழறாடா. முக்கால்வாசி வீட்டுல வேணாம்னுட்டாங்களாம். இவகிட்ட என்னடா குறை?"

குறை ஒன்றும் இல்லை. இது நாங்கள் படித்த சப்ஜெக்ட்தான். ஒரு வீட்டுக்கு நூறு பேர்தான் வேண்டும் என்று வையுங்கள். எத்தனை பேரைக் கூப்பிடலாம்? கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பொறுத்தது. நூறு சீட்டுக்கு நூற்றிப்பத்து டிக்கெட் விற்கிற ஏர்லைன்ஸ் கணக்கு. எல்லோரும் ஆசைப்படுகிற வீட்டில் கூப்பிட்டவர்கள் அநேகமாக வந்துவிடுவார்கள். அதனால் அந்த வீடு குறைவாகத்தான் கூப்பிட முடியும். முந்தைய வருஷங்களின் புள்ளிவிவரத்தை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கையே கொடுத்துவிடுகிறார்கள். பேர் பெற்ற வீடு முதல் சுற்றிலேயே பெரிய கும்பலை வெட்டியாக வேண்டும். சில நிமிஷப் பேச்சை வைத்து. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். பதினெட்டு வயசில், முதல்முறை வீட்டை விட்டுப் போன வாரத்தில் கேட்க முடியாது.

எல்லாமே கணக்குதான் என்று சொன்னால் அதுவும் பொய். அதே அலபாமாவில் 1963-ல் இரண்டு கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் கவர்னரே வாசலில் நின்றார். அதற்கு ஐம்பது வருஷம் கழித்து, 2013 செப்டம்பரில், மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி போட்டது. எல்லாத் தகுதியும் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் சொராரிட்டிகள் நிறத்துக்காகத் தள்ளிவிட்டன. உள்ளே இருந்த மாணவிகள் சிலர் சேர்க்கத் தயார். குறுக்கே நின்றவர்கள் எப்போதோ படித்துவிட்டுப் போன பழைய மாணவிகள். ஊர்வலம் நடந்து, நிர்வாகம் தலையிட்ட பிறகுதான் சில கறுப்பினப் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 1908-லேயே கறுப்பினப் பெண்கள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' என்று தனியாகத் தொடங்கியது சும்மாவா? நம் சென்னை சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தது அதில்தான். அங்கே சேருகிற முறையே வேறு, இந்த ஒரு வார ஓட்டம் கிடையாது.

ஓட்டத்தின் கடைசி நாளுக்கு வருகிறேன். பெரும்பாலும் இரண்டு வீடுதான் மிஞ்சும். மெழுகுவத்தி, மெல்லிய பாட்டு, சீனியர் பெண்களின் கண்ணீர். இவளும் அழுவாள். அந்த ஈரம் காய்வதற்குள் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். முதல் நாள் வெட்டுக்கு ராத்திரியில் போன் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதில் எழுதிய வீட்டிலிருந்து அழைப்பு வந்து, வேண்டாம் என்று சொன்னால், அந்தக் காலேஜில் கூட்டமைப்பின் வேறெந்த வீட்டிலும் அடுத்த வருஷ ரஷ் வரைக்கும் சேர முடியாது. சரி, பிடித்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன் என்பாள். அதுவும் ஆபத்து. கடைசியில் கூப்பிட்ட வீடுகளையெல்லாம் எழுதினால் எப்படியாவது இடம் கொடுக்க விதியில் வழி இருக்கிறது. ஒன்றே ஒன்று எழுதியவளுக்கு அது கிடையாது. சூசன் மாங்கெல், ஆல்வின் ராத் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதை ஆராய்ந்து 1991-ல் கட்டுரையே எழுதினார்கள். ஏராளமான பெண்கள் ஒன்றை மட்டுமே எழுதுகிறார்கள் என்று அதில் காட்டியிருக்கிறார்கள். ராத்துக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்காக மட்டும் இல்லை, யாருக்கு யார் என்று பொருத்துகிற வித்தைக்காக.

என் கட்சி இது: சேர்ந்தால் சந்தோஷப்படுவேன் என்று தோன்றுகிற வீட்டை மட்டும் எழுதட்டும். சந்தா எவ்வளவு என்பதை அழுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். எதுவும் பிடிக்கவில்லை என்றால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அந்த வாரம் முடிந்தும் சில வீடுகளில் இடம் காலியாக இருக்கும். அவர்கள் சத்தமில்லாமல் ஆள் சேர்ப்பார்கள். பாட்டு இல்லை, கவுன் இல்லை. நண்பனின் மகள் மூன்றாம் நாளே விலகிவிட்டாள். அக்டோபரில் அப்படி ஒரு வீட்டிலிருந்து காபிக்குக் கூப்பிட்டார்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய்வந்தாளாம்.

"என்னடா சொன்னா?" என்று கேட்டேன்.

"காபி நல்லா இருந்துச்சாம்."